குழலும் மருந்தும்: அளவு காத்த ஒரு கலையின் வரலாறு

அரபு மொழியில் துப்பாக்கியைப் ‘புந்துகிய்யா’ என்பர். ‘புந்துக்’ என்பது உருண்டையான ஒரு சிறு கொட்டையின் பெயர். அக்கொட்டையை ஒத்த களிமண் உருண்டைகளை வில்லில் வைத்துப் பறவைகளை வீழ்த்தும் வழக்கம் அரபுலகில் நெடுங்காலம் இருந்தது. அவ்வுருண்டைகளும் புந்துக் என்றே அழைக்கப்பட்டன. அரசரின் உருண்டைவில்லை ஏந்திச் செல்லும் அலுவலருக்குப் ‘புந்துக்தார்’ என்னும் பட்டம் இருந்தது. 1277ஆம் ஆண்டில் காலமான எகிப்தின் மம்லூக்கிய சுல்தான் பைபர்ஸ், அப்பதவி வகித்த ஒருவரிடம் இளமையில் பணிபுரிந்தமையால் ‘அல்புந்துக்தாரீ’ என வழங்கப்பட்டார். களிமண் போய் ஈயம் வந்தது. வில் போய் இரும்புக் குழல் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நாம் தமிழில் வழங்கும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லும் துருக்கியிலிருந்து வந்து சேர்ந்ததே.

வெடிமருந்தின் அரபுப் பெயரான ‘பாரூத்’ என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1248இல் திமிஷ்கில் காலமான மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பை எகிப்தின் பண்டைய மருத்துவர்கள் ‘சீனத்துப் பனி’ என்றும், மக்ரிப் மக்கள் ‘பாரூத்’ என்றும் அழைத்ததாகக் குறித்துள்ளார். தொடக்கத்தில் உப்புக்கு மட்டும் உரியதாயிருந்த பெயர், பின்னர் அவ்வுப்புடன் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவைக்கு ஆகிவந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் ஷாம் நாட்டில் வாழ்ந்த நஜ்முத்தீன் ஹஸன் அர்ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய தம் நூலில், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையை விளக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கலவைகளுக்குப் பொருள்களின் அளவுகளைத் தனித்தனியே எழுதிவைத்தார். ஆகவே பாரூத் என்னும் கலை நம் நூல்களில் இடம்பெற்றபோதே அளவுகளின் கலையாகத்தான் இடம்பெற்றது.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அளவு என்பது உயிர் சார்ந்த வினா. தோட்டாத் துப்பாக்கியில் மருந்தின் அளவைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடுகிறது. வாய்வழித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் அதனை முடிவு செய்வது சுடுபவரின் கையே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கப்படுகிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கிறது. எனவே இக்கட்டுரை எவரையும் வேட்டைக்கு அழைப்பதன்று. ஒரு குழல் எவ்வளவு தாங்கும், அதில் எவ்வளவு இடலாம் என்னும் இரு வினாக்களும் ஒன்றல்ல என்பதை முன்னோர் எவ்வாறு அறிந்திருந்தனர் என்று விளக்குவதே இதன் நோக்கம்.

குழலுக்குள் நிகழ்வது

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. எஞ்சியது புகையாகவும் கசடாகவும் வெளிப்படுகிறது. அவ்வாயுவோ கடும் வெப்பத்தில் பன்மடங்கு இடத்தை நாடுவது. அடிப்பக்கம் மூடியிருப்பதாலும் சுற்றிலும் இரும்பு இருப்பதாலும், அதற்குத் திறந்திருக்கும் ஒரே வழி குண்டு அமர்ந்திருக்கும் பக்கம்தான். குண்டு நகர நகர வாயுவுக்கு இடம் பெருகுகிறது. இடம் பெருகப் பெருக அழுத்தம் தணிகிறது. ஆகவே குழலைக் காப்பது அதன் இரும்பு மட்டுமன்று. தடையின்றி விலகிச் செல்லும் குண்டும் அதனைக் காக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்தினால், பின்னர் சொல்லப்போகும் எச்சரிக்கைகள் யாவும் தாமே விளங்கும்.

குழலின் சுவர்மீது இரு வகையான இழுவிசைகள் செயல்படுகின்றன. ஒன்று குழலை நீளவாட்டில் இழுப்பது. மற்றொன்று சுற்றுவட்டத்தை விரித்துப் பிளக்க முயல்வது. மூடிய மெல்லிய குழலில் இரண்டாவது விசை முதலாவதைப் போல் இருமடங்கு என்பது பொறியியல் மாணவர் அனைவரும் அறிந்த கணக்கு. வெடித்த குழல் பெரும்பாலும் குறுக்கே முறியாமல் நெடுக்கே பிளந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. குழலின் நெடுக்கே ஓடும் ஒரு பற்றவைப்பு இருக்குமாயின், மிகப் பெரிய விசை மிக மெலிந்த இடத்தையே தாக்கும்.

அப்படி வெடித்த குழல்கள் அரசர்களையும் விட்டுவைக்கவில்லை. 1460ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், ராக்ஸ்பரோ கோட்டை முற்றுகையின்போது தம் படையின் பீரங்கி ஒன்றே வெடித்ததில் உயிரிழந்தார். அவரைக் கொன்றது பகைவரின் குண்டன்று. அருகில் நின்ற தம் பீரங்கியின் சிதறல்.

அக்பரின் பட்டறை

இச்சிக்கலை ஓர் அரசவை எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கு அரிய சான்று, அபுல் ஃபஸ்ல் (1551–1602) எழுதிய ‘ஆயினே அக்பரீ’யில் இருக்கிறது. பேரரசர் அக்பரின் (ஆட்சி 1556–1605) துப்பாக்கிப் பட்டறை பற்றி அவர் ஒரு பகுதியே எழுதியுள்ளார். சமய விஷயங்களில் அக்பர் மேற்கொண்ட போக்கை நம் உலமாக்கள் ஏற்கவில்லை என்பது வெளிப்படை. ஆயினும் தொழில் நுட்பத்தில் அவர் செலுத்திய கவனத்தை மறுப்பதற்கில்லை.

முற்காலத்தில் இரும்பைத் தகடாகத் தட்டி, வளைத்து, இரு விளிம்புகளையும் நெடுக்கே சேர்த்துக் குழல் செய்தனர். அதனால் விபத்துகள் நேர்ந்தன என்கிறார் அபுல் ஃபஸ்ல். அக்பரின் பட்டறையில் இம்முறை மாறியது. தட்டிய இரும்பைச் சாய்வாகச் சுருள் சுருளாகச் சுற்றினர். விளிம்போடு விளிம்பு முட்டும்படி வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைத்து, சிறிது சிறிதாகச் சூடேற்றி இணைத்தனர். திண்ணிய இரும்பு உருளைகளைச் சூட்டில் துளைத்து, இரண்டு அல்லது மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்துக் குழலாக்கும் முறையும் இருந்தது.

இதன் சிறப்பை மேலே சொன்ன கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சுருளாகச் சுற்றும்போது பற்றவைப்புக் கோடு குழலின் நெடுக்கே ஓடாது. சாய்ந்து சுற்றி ஓடும். பிளக்க முயலும் விசையை முழு இரும்பே எதிர்கொள்ளும். இழுவிசைக் கணக்கு ஏட்டில் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அடிபட்ட அனுபவமும் கூர்ந்த நோக்கும் உடைய கொல்லர்கள் அதன் விடையைக் கையால் கண்டுவிட்டனர்.

பயன் என்ன? முன்பு குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து இட இயலாதிருந்தது என்றும், இப்பொழுது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் குழல் வெடிப்பதில்லை என்றும் அபுல் ஃபஸ்ல் பெருமிதத்துடன் எழுதுகிறார். அரசவை வரலாற்றாசிரியரின் புகழ்ச்சி இதில் சற்றுக் கலந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின் அவர் தரும் விவரமே நம் கருத்துக்கு உரியது. குழல் உருவானதும் அதில் இரும்பின் எடையும் நீளமும் இலக்கங்களில் பொறிக்கப்பட்டன. பேரரசரின் பார்வைக்குச் சென்றபின் குண்டின் எடை அறுதியிடப்பட்டது. நெடுந்துப்பாக்கிக்கு 25 டாங்கு, சிறியதற்கு 15 டாங்கு என அதற்கு உச்ச வரம்பு இருந்தது. அடிப்பக்கம் மூடப்பட்டதும், பழைய கட்டை ஒன்றில் பொருத்தி, மூன்றில் ஒரு பங்கு மருந்திட்டுச் சுட்டனர். கசிவு ஏதும் இல்லையென்று தெளிந்த பின்னரே வாய்ப்பகுதியை முடிக்கும்படி ஆணை பிறந்தது. பின்னர் மீண்டும் ஒரு சோதனை. குண்டு கோணிச் சென்றால் குழலைச் சூடேற்றி, உள்ளே கம்பி செலுத்தி நேராக்கினர்.

வாய்வரை நிரப்பினும் தாங்கும் என்று சொல்லப்பட்ட குழலுக்கு எத்தனை வரம்புகள்! அக்குழலின் வலிமை செலவழிப்பதற்காகச் சேர்த்ததன்று. இருப்பில் வைப்பதற்காகச் சேர்த்தது. சுடுபவர் அறியாது நேரும் பிழைக்கும், கண்ணுக்குப் புலப்படாத இரும்புக் குறைக்கும் அந்த இருப்பே ஈடு கொடுப்பது. ‘சங்கிராம்’ என்னும் தம் முதன்மைத் துப்பாக்கியால் அக்பர் 1019 விலங்குகளை வீழ்த்தியதாக வேட்டைக் குறிப்பேடு கணக்குச் சொல்கிறது. இத்தனை முறை சுட்டும் துப்பாக்கியும் மன்னரும் தப்பியிருந்தமைக்கு இந்தச் சோதனை ஒழுங்கே காரணம் எனலாம்.

ஐரோப்பாவிலும் இவ்வொழுங்கு பின்னர் வலுப்பெற்றது. 1637இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் குழல்களைச் சோதித்து முத்திரையிட்டது. 1813ஆம் ஆண்டின் சட்டத்தால் பர்மிங்காமிலும் சோதனை நிலையம் அமைந்தது. வழக்கமான அளவினும் கூடுதலான மருந்தை ஒருமுறை இட்டுச் சோதித்து, அதனைத் தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவர். அம்முத்திரையைக் கண்டு, சோதனை அளவையே அன்றாட அளவாகக் கொள்வோர் முத்திரையின் பொருளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவராவர்.

கடலூரில் மறைந்த கணிதர்

குழலுக்குள் எழும் அழுத்தத்தை எண்ணால் சொல்ல முயன்ற முன்னோடி பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணிதர். 1742இல் வெளிவந்த தம் நூலில், மருந்து எரியும் கணத்தில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1000 மடங்கு என அவர் கணித்தார். குண்டின் வேகத்தை அளக்க ஊசல் ஒன்றையும் அமைத்தார். மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான விளக்கமும் எழுதினார். ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் கரைக்கே வந்து, 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார். பீரங்கி இயலின் தந்தை எனப் போற்றப்படுபவர் தமிழ் மண்ணில் இறந்தார் என்பதை நம்மில் பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோபிள், ஏபெல் என்னும் இருவர் மருந்தால் நிரம்பிய மூடிய கலத்தில் ஆய்வு செய்து, அழுத்தம் 6000 மடங்கையும் தாண்டுவதைக் கண்டனர். வேட்டைத் துப்பாக்கியில் அவ்வளவு எழாததன் காரணத்தை முன்னரே சொன்னோம்: குண்டு விலகி இடம் கொடுக்கிறது. அது விலகத் தாமதித்தால் குழல் அந்த மூடிய கலத்தை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறது என்பதே பொருள்.

மருந்தை இரட்டித்தால் வேட்டை இரட்டிப்பாகுமா? ஆகாது. மருந்தின் ஆற்றல் முழுவதும் குண்டையே சேர்வதாக வைத்துக்கொண்டாலும், இருமடங்கு மருந்துக்கு வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். நடைமுறையில் அதுவும் கிட்டாது. மிகுந்த மருந்தின் ஒரு பகுதி குழலின் வாய்க்கு வெளியே எரிந்து வீணாகிறது. எரிபொருளின் எடையையும் சேர்த்தே வாயு தள்ள வேண்டியிருக்கிறது. உருண்டைக் குண்டு காற்றில் விரைவாக வேகம் இழப்பது. வேகம் மிகுந்தால் இழப்பும் மிகும். ஆகவே கூட்டிய மருந்தின் பயனில் பெரும்பகுதி இலக்கை அடையுமுன்பே காற்றில் கரைகிறது. அழுத்தமும் தோளில் விழும் உதையும் மட்டும் குறைவின்றிக் கூடுகின்றன, குறி தவறுகிறது.

தேர்ந்த வேட்டையர் இதனை அறிவர். அரை அங்குலத் துளையுள்ள துப்பாக்கிக்கு உரிய ஈய உருண்டை ஏறத்தாழ 11.5 கிராம் எடையுடையது. அதற்கு 50 கிரெயின், அதாவது சுமார் 3.2 கிராம் கருமருந்தில் தொடங்கி, குறி செம்மையாகும் வரை சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பது அவர்களின் வழக்கம். துப்பாக்கியைச் செய்தவர் விதித்த உச்ச வரம்பை எக்காரணம் கொண்டும் அவர்கள் கடப்பதில்லை. வரம்பு தெரியாத பழந்துப்பாக்கியோ, தேர்ந்த வினைஞர் ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் வரை சுவரில் தொங்குவதே நன்று.

குழலைப் பிளக்கும் பிழைகள்

மருந்தைக் கூட்டுவது மட்டுமே குழலை வெடிக்கச் செய்வதன்று. சரியான அளவிட்ட குழலும் வெடித்ததுண்டு. அதற்கான பிழைகள் சில.

முதலாவது, குண்டு மருந்தின்மேல் அமராமல் நடுவழியில் நிற்பது. இடைவெளி மிகுந்தால் அழுத்தம் தணியும் என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மை வேறு. வாயு அவ்விடைவெளியில் விரைந்தோடி, அசையாது நிற்கும் குண்டின்மேல் மோதுகிறது. அந்த ஓரிடத்தில் அழுத்தம் குவிந்து, குழல் வளையம்போல் புடைக்கிறது, அல்லது பிளக்கிறது. முந்தைய சூட்டின் கசடு படிந்த குழலில் குண்டு எளிதாக இறங்காது என்பதால் இப்பிழை எளிதில் நேரும். கெட்டிக்கும் கோலில் ஓர் அடையாளக் கோடு இட்டு வைப்பதும், இடையிடையே குழலைத் துடைப்பதும் இதற்குரிய காப்பு.

இரண்டாவது, கெட்டித்ததை மறந்து மீண்டும் கெட்டிப்பது. இரு குண்டும் இரு பங்கு மருந்தும் உள்ளே சேர்ந்தால், மருந்து இருமடங்காவதோடு, விலக வேண்டிய எடையும் இருமடங்காகிறது. அதே அடையாளக் கோடு இதனையும் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, கொடியது: கருமருந்துக்குப் பதில் புகையிலா மருந்தை இடுவது. 1884இல் பிரான்சில் வியேல் என்பவர் உருவாக்கிய இவ்வகை மருந்து, கருமருந்தினும் மிகுந்த ஆற்றல் உடையது. அழுத்தம் ஏற ஏற அது எரியும் விரைவும் கடுமையாக ஏறுகிறது. அதனால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. பழங்குழல் இதற்கென்று செய்யப்பட்டதன்று. கருமருந்தைக் கொள்ளளவால் முகந்து இடுவது மரபு. அதே முகவையால் புகையிலா மருந்தை முகப்பவர் தம் கண்ணையும் கையையும் பணயம் வைக்கிறார். அருகில் நிற்பவருக்கும் அதே கதி.

நான்காவது, மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டுவது. முந்தைய சூட்டின் ஒரு தீப்பொறி உள்ளே கனன்றுகொண்டிருந்தால், தீ குழலோடு நில்லாமல் கையிலுள்ள கொம்பு முழுவதையும் பற்றும். தனி முகவையில் அளந்தபின் ஊற்றுவது அளவுக்காக மட்டுமன்று, உயிருக்காகவும்தான்.

ஷரீஅத்தின் நோக்கில்

புந்துக் உருண்டை நம் ஃபிக்ஹு நூல்களின் வேட்டை இயலில் நெடிய விவாதத்துக்கு உரியதாயிற்று. களிமண் உருண்டை அடித்துக் கொல்வதேயன்றித் துளைப்பதன்று. ஆதலின் அதனால் இறந்தது ஆகாது என்றனர் இமாம்கள். ஈயக் குண்டு வந்தபோது கருத்து பிரிந்தது. ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு ஹிஜ்ரி 1252), அது எரித்தும் அழுத்தியும் கொல்வதால் கூடாது என்றார். மாலிகி அறிஞர் தர்தீர் (இறப்பு ஹிஜ்ரி 1201), யமன் நாட்டு ஷவ்கானீ (இறப்பு ஹிஜ்ரி 1250) ஆகியோர் ஆகும் என்றனர். அது உடலைத் துளைத்து ஊடுருவுகிறது என்பது ஷவ்கானீயின் வாதம். உயிருடன் பிடித்து முறைப்படி அறுத்தது ஆகும் என்பதில் எவருக்கும் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் குண்டின் தன்மை பற்றியதேயன்றி மருந்தின் மிகுதி பற்றியதன்று. மருந்தை அளவின்றிக் கூட்டினால் வேட்டை ஹலாலாகும் என்று எவரேனும் எண்ணினால், அவர் இரு தரப்பையும் விளங்கிக்கொள்ளவில்லை.

இவ்விவாதத்தைக் கற்போர் பலர், ஆயுதம் பற்றிய மற்றொரு தொகுதி நபிமொழிகளைக் கவனிப்பதில்லை. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர், பிறர்மேல் கீறாதவாறு அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விரல்களால் கூழாங்கல்லைச் சுண்டி எறிவதையும் அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவரையும் தாக்காது. ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்பது அவர்கள் உரைத்த காரணம். பயன் தராமல் ஊறு மட்டும் தரும் எறிபொருளுக்கு இதனினும் தெளிவான விலக்கு வேண்டுமோ? அளவு மீறிக் கெட்டித்த துப்பாக்கிக்கும் இக்காரணம் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. அதன் மிகை இலக்கைச் சேர்வதில்லை, கண்ணைத்தான் சேர்கிறது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பதும் நபிமொழி வழி வந்த சட்டமே. குழலைச் சோதிக்காமல் விற்ற வினைஞருக்கும், அளவறியாமல் கெட்டித்து அருகிலிருந்தவரை ஊனமாக்கியவருக்கும் ‘ளமான்’ என்னும் அப்பொறுப்பு உண்டு. தவறி நேர்ந்தது என்று சொல்லிப் பாவத்திலிருந்து தப்பலாம். ஈட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.

ஸூரா அர்ரஹ்மானின் தொடக்கத்தில், வானம் உயர்த்தப்பட்டதைக் கூறிய இறைவன், அதனை அடுத்தே தராசு நிலைநாட்டப்பட்டதையும், அதில் வரம்பு மீறலாகாது என்பதையும் கூறுகிறான். கடைத் தராசுக்கு மட்டும் உரியது அவ்வசனம் என்று முஃபஸ்ஸிர்கள் கருதவில்லை. வெடியுப்பைத் தூய்மைப்படுத்தி அளவு எழுதிய ரம்மாஹ், குழலில் எடையைப் பொறித்த பெயரறியாக் கொல்லர், முகவையால் அளந்து கோலின் கோட்டைச் சரிபார்க்கும் வேட்டையர் ஆகிய அனைவரும் அத்தராசின் முன் நிற்பவர்களே. இரும்பு எவ்வளவு தாங்கும் என்பது இரும்பைப் பற்றிய செய்தி. அதில் எவ்வளவு இடலாம் என்பது மனிதரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தாங்குகிறது என்பதற்காக ஏற்றிக்கொண்டே போகும் கைக்கு, தாங்காத அந்த ஒரு கணம் முன்னறிவித்து வருவதில்லை.